தானிய அறையில் மக்கல் வாடையா? ஊதுபத்தியை அணையுங்கள்... ஈரத்தைத் தேடுங்கள்!

"எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் நெல் மூட்டைகளும் கடலை மூட்டைகளும் அடுக்கி வைத்திருக்கிறோம். கதவைத் திறந்தாலே மக்கல் வாடை அடிக்கிறது. பினாயில் ஊற்றிக் கழுவிப் பார்த்தோம், சாம்பிராணி போட்டோம், போகவில்லை. தானியம் கெட்டுவிட்டதா? வாடை போக என்ன செய்ய வேண்டும்?"

திருப்பரங்குன்றம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருக்கிறார். ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். வழக்கமாகப் பத்து வரியில் பதில் எழுதி முடித்துவிடுவேன். இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அதே வாடை, காளவாசல் பக்கத்துத் தெரு ஒன்றில் இருக்கும் என் வீட்டிலும் இரண்டு வருடம் அடித்தது. ஊருக்கெல்லாம் விதை சேமிப்பைப் பற்றிச் சொல்லித் திரிகிற நான், என் வீட்டு விதை உளுந்தை அதில் பறிகொடுத்தேன்.

படி ஏறிய வீடு, படி இறங்கிய கதை

அப்பா அந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். நம் ஊரில் 'பேஸ்மட்டம்' என்றால் பூமிக்குக் கீழே உள்ள அறை அல்ல; தரையை மண் மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டும் அடிமட்டம். "பேஸ்மட்டம் மூணடி தூக்கிடுங்க" என்றுதான் கொத்தனாரிடம் சொல்வோம். வெளிநாட்டு வீடுகளில் உள்ளதுபோல நிலவறை கட்டும் பழக்கம் நமக்கு இல்லை.

ஆனால், நாம் கட்டாத நிலவறை இப்போது பல வீடுகளில் தானாக உருவாகி நிற்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும், பிறகு சிமென்ட்டும் போட்டுப் போட்டு, தெரு உயர்ந்துகொண்டே வந்தது. என் வீட்டின் மூன்று படிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. இப்போது தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போகிறோம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. அதற்கு முன்பே தாழ்ந்துபோன வீடுகளை அது தூக்கிவிடாது.

கிராமத்திலும் இதே கதைதான். தெருவுக்கு சிமென்ட் சாலை வந்ததும் ஓட்டு வீட்டுத் திண்ணை தெருவுக்குச் சமமாகிவிடுகிறது. வாசலில் ஓடிய மழைத் தண்ணீர் சுவரடியில் தேங்குகிறது. அந்தச் சுவருக்கு உள்பக்கத்தில்தான் பெரும்பாலும் நெல் மூட்டைகள் இருக்கின்றன.

அந்த வாடை என்ன?

பூசணம் வளரும்போது சில வாயுக்களை வெளியே விடுகிறது. அவற்றைத்தான் நம் மூக்கு மக்கல் வாடை என்கிறது. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான 'ஜியோஸ்மின்' என்ற பொருளும் மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்குவதுதான். மூடிய அறைக்குள் அதே மாதிரி வாசனை வந்தால் அதை ரசிப்பதற்கில்லை. எங்கோ ஈரம் இருக்கிறது, அதில் ஏதோ வளர்கிறது என்பதற்கு அது தகவல்.

பூசண விதைகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கும். அவை இல்லாத வீடு கிடையாது. சாக்கு, மரம், சுண்ணாம்புப் பூச்சு, நெல்லுமி என்று சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. வெப்பம் நம் மதுரையில் ஆண்டு முழுவதும் உண்டு. குறைவது ஒன்றே ஒன்று, ஈரம். அது கிடைத்ததும் வளர ஆரம்பித்துவிடும். தானியத்தைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 65-70 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் சேமிப்புப் பூசணங்களால் பெரும்பாலும் வளர முடியாது. ஆகவே, வாடையைப் போக்க வேண்டுமானால் பூசணத்தைத் துரத்த வேண்டாம். ஈரத்தின் வழியை அடைக்க வேண்டும். பினாயிலும் ஊதுபத்தியும் அந்தத் தகவலைக் காதில் விழாமல் செய்கின்றன, அவ்வளவுதான். நாப்தலின் உருண்டையைத் தானிய அறைக்குள் போடவே கூடாது. அதன் வாசம் தானியத்தில் ஏறிவிடும், உடம்புக்கும் ஆகாது.

நான் செய்த மூன்று தவறுகள்

எங்கள் குடும்ப நிலம் சோழவந்தான் பக்கம். சாப்பாட்டுக்கான நெல், விதை உளுந்து, மாட்டுக்கான கடலைப் பிண்ணாக்கு மூன்றும் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கும். முதல் வருடம் வாடை வந்தபோது அம்மாதான் கண்டுபிடித்தார். "என்னப்பா, அந்த அறைக்குள்ள போனா ஈரத்துணிய மடிச்சு வச்ச மாதிரி அடிக்குது" என்றார். நான் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன். வெளியே அடைமழை. ஈரக்காற்று முழுவதும் உள்ளே வந்தது. இது முதல் தவறு.

சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்து, பெயின்ட் பொரிந்து உதிர்ந்தது. அதைத் தேய்த்துவிட்டு, 'தண்ணீர் புகாது' என்று சொல்லி விற்கும் பெயின்ட்டை வாங்கி இரண்டு கோட்டிங் அடித்தேன். நாலு மாதம் சுவர் பளிச்சென்று இருந்தது. பிறகு அதே இடத்துக்கு ஒரு சாண் மேலே பொரிய ஆரம்பித்தது. வெளியே வர வழியில்லாத ஈரம் மேலே ஏறிவிட்டது. இரண்டாவது தவறு.

மூன்றாவதுதான் பெரியது. ஓரத்து மூட்டையில் இருந்த கடலைப் பிண்ணாக்கின் அடிப்பகுதி பச்சை படர்ந்து கட்டியாகியிருந்தது. "மேலாகத் தட்டிவிட்டு வெயிலில் போட்டால் சரியாகிவிடும்" என்று நானே சொன்னேன். ஊரில் தம்பி வீட்டுப் பசுவுக்கு அது போனது. பத்து நாளில் பசு தீனி எடுப்பதைக் குறைத்தது, பாலும் குறைந்தது. கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, "பிண்ணாக்கு எங்கே இருந்தது?" என்பதுதான். பிண்ணாக்கை நிறுத்திய பிறகு பசு மெதுவாகத் தேறியது. அந்த வருடம் உளுந்தை முளைப்புக்குப் போட்டுப் பார்த்தேன். 100 விதையில் 41 முளைத்தது. சான்று விதைக்கு உளுந்தில் குறைந்தது 75 சதவிகிதம் முளைப்பு வேண்டும்.

பூசணம் என்றால் வாடை மட்டுமல்ல

1960-ல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. காரணம் தெரியாமல் 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். பிறகுதான் தீவனத்தில் கலந்திருந்த பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு என்று தெரிந்தது. அதிலிருந்த நஞ்சுக்கு 'அஃப்ளாடாக்சின்' என்று பெயர் வந்தது. அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற மஞ்சள்-பச்சைப் பூசணம் அதை உண்டாக்குகிறது.

நம் நாட்டிலேயே அதைவிடக் கொடுமை நடந்தது. 1974-ல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட பழங்குடி மக்களுக்குக் கல்லீரல் நோய் வந்தது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வீட்டு நாய்களும் செத்தன. வேறு சாப்பாடு இல்லாததால், கெட்டது என்று தெரிந்தும் தின்ற மக்கள் அவர்கள்.

இந்த நஞ்சைப் பற்றி மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காயவைத்தால் பூசணம் நிற்கும். ஏற்கெனவே உண்டான நஞ்சு போகாது. வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதாக அழியாது. மாடு தின்றால் பாலில் வரும். அதனால்தான் உணவுப் பாதுகாப்பு விதிகளில், தானியம், பருப்பு வகைகளில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், பாலில் 0.5 மைக்ரோகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்.

வாடை அடித்தாலே நஞ்சு இருக்கிறது என்று அர்த்தமில்லை. வாடை இல்லை என்பதால் நஞ்சு இல்லை என்றும் சொல்ல முடியாது. நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு ஆகியவற்றில் ஆபத்து அதிகம். உமி மூடிய நெல்லில் ஒப்பிடுகையில் குறைவு.

ஈரம் வரும் நான்கு வழிகள்

ஒரு கொத்தனாரை அழைத்து வந்தேன். எழுபது வயதுக்காரர். சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சார், சுவத்துக்குக் கால் நனைஞ்சிருக்கு. மேல சட்டைய மாத்தினா காயுமா?" என்றார். அங்கிருந்துதான் எனக்குச் சரியான வழி பிறந்தது.

*முதல் வழி, தரையும் சுவரும்.* காளவாசல் என்ற சொல்லுக்கே சூளை என்று பொருள். சூளையில் வெந்த செங்கல்லும் திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். இதைத்தான் 'ஓதம் ஏறுகிறது' என்கிறோம். பொதுவாகச் சுமார் மூன்றடி வரை ஏறும். அடிமட்டத்தின் மேல் சிமென்ட்டும் நீர் விலக்கிக் கலவையும் சேர்த்துப் போடும் ஓதத் தடுப்புப் பூச்சு இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பழைய வீடுகளில் அது இருக்காது. இருந்தாலும், தெரு உயர்ந்தபின் அந்தப் பூச்சுக்கு மேலேயே மண்ணும் தண்ணீரும் வந்துவிடுகின்றன.

*இரண்டாவது வழி, ஒழுகல்.* குளியலறைக் குழாய், கழிவுநீர்க் குழாய் இணைப்பு, மொட்டைமாடி விரிசல், ஜன்னல் சன்ஷேடு மூலை. மழை இல்லாத சித்திரை மாதத்திலும் ஒரே இடத்தில் ஈரம் இருந்தால் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

*மூன்றாவது வழி, காற்று.* நம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அப்போது காற்றே ஈரம். மண்ணுக்குள் புதைந்த மாதிரி இருக்கும் அறையின் தரை குளிர்ந்திருக்கும். வெளியே இருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று அதில் பட்டு, குளிர்ந்த தண்ணீர் சொம்பின் வெளியே வியர்ப்பதுபோல் வியர்க்கும்.

*நான்காவது வழி, தானியமே.* பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான இருபோகப் பகுதியில் முதல் போகத்து அறுவடை மழையோடு மோதுகிறது. அறுத்த நெல்லில் 20 சதவிகிதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். "வெயில் இல்லையே" என்று அப்படியே மூட்டை கட்டினால், தானியம் மூச்சுவிட்டு சூட்டையும் ஈரத்தையும் உண்டாக்கும். மூட்டைக்குள் கைவிட்டால் சுடும். தஞ்சைப் பகுதியில் குறுவை நெல் இப்படி வீணானதால்தான், ஈர நெல்லைக் காப்பாற்றும் வழி தேடி 1967-ல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. தஞ்சாவூரில் இப்போது தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்பது அதுதான்.

எந்த வழி என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள்

*பிளாஸ்டிக் சோதனை.* இரண்டடிக்கு இரண்டடி கனமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். சுவரிலும் ஒன்று ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு அடியில் நீர்த்துளி இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. தாளுக்கு மேலே வியர்த்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. என் வீட்டில் தரையில் அடிப்பக்கம் துளி நின்றது. ஒரு சுவரில் மட்டும் மிக அதிகம். அதன் மறுபக்கம் குளியலறை. உடைத்துப் பார்த்தால் குழாய் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. தெருவின் மீதே பழியைப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு குட்டு.

*உப்புச் சோதனை.* நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போட்டு, நான்கைந்து சிட்டிகை காய்ந்த தூள் உப்பு சேர்த்து மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, கால்மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் தானியத்தில் 15 சதவிகிதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது, சேமிக்கத் தகுதியில்லை. ஒட்டாமல் அடியில் கொட்டினால் 15-க்குக் கீழே. இது ஒரு தோராயக் கணக்குதான். சரியான அளவு வேண்டுமானால் ஈரமானி உள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலோ நெல் கொள்முதல் நிலையத்திலோ காட்டுங்கள்.

இருக்கிற தானியத்தை என்ன செய்வது?

முதலில் அறையைக் காலி செய்யுங்கள். மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகக்கவசம் கட்டாயம். பூசணத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் கெடும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம். மூட்டைகளை மூன்றாகப் பிரியுங்கள்.

1. வாடை மட்டும் லேசாக இருக்கிறது, மணி மணியாக உதிர்கிறது, பூசணம் கண்ணுக்குத் தெரியவில்லை: களத்தில் இரண்டு அங்குலக் கனத்தில் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை கிளறிக் காயவையுங்கள். ஆறிய பிறகே மூட்டை கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்க்கும். இந்த மூட்டைகளை முதலில் செலவழியுங்கள்.

2. விதைக்கு வைத்தது: காலை 8 முதல் 12 வரை, மாலை 3 முதல் 5 வரை மட்டும் காயவையுங்கள். உச்சி வெயில் வேண்டாம். 100 விதையை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி முளைப்புப் பாருங்கள். நெல்லுக்கு 80, உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70-க்குக் குறைந்தால் விதையாகப் பயன்படுத்த வேண்டாம். அருகிலுள்ள விதைப் பரிசோதனை நிலையத்தில் சிறு கட்டணத்தில் முறைப்படி பார்த்துக் கொடுப்பார்கள்.

3. கட்டியாகிவிட்டது, பச்சை, மஞ்சள், கருப்பு படர்ந்திருக்கிறது: சாப்பாட்டுக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம், கோழிக்கும் வேண்டாம். மாடு, கோழி கிளறாத இடத்தில் குழிதோண்டிப் புதையுங்கள். பூத்த கடலையைச் செக்குக்குக் கொண்டுபோவது பெரிய தவறு. நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். சுத்திகரிக்காத எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும்.

மூன்றாவது வகையைத் தூக்கி எறிய மனசு வராது. எனக்கும் வரவில்லை. தம்பி வீட்டுப் பசுவை நினைத்துக்கொண்டு புதைத்தேன்.

அறையைச் சரிசெய்யும் வரிசை

வரிசை மாறினால் காசு வீண். வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்.

முதலில் வெளியே. சுவரை ஒட்டித் தண்ணீர் தேங்காமல் இரண்டடி அகலத்துக்குச் சிமென்ட் தளம் போட்டு வெளிப்பக்கம் வாட்டம் கொடுங்கள். மாடித் தண்ணீர் இறங்கும் குழாயைச் சுவரடியில் விடாமல், தள்ளிக் கொண்டுபோய் மழைநீர் சேகரிப்புக் குழியில் சேருங்கள். அந்தக் குழியும் தானிய அறைச் சுவரிலிருந்து தள்ளியே இருக்கட்டும். சுவரோரத்தில் வாழை வைத்துத் தினமும் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் அதை இடம் மாற்றுங்கள். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். அப்படிப்பட்ட தாழ்வான இடங்களில் வாசலில் ஒரு செங்கல் தடுப்பாவது வேண்டும்.

அடுத்து குழாய்க் கசிவு. அதற்கு அடுத்து சுவர். உப்பு பூத்த பூச்சை, ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் ஓரடி வரை கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லை நன்றாகக் காயவிடுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசிதான் இதற்கான மாதங்கள். அவசரப்பட்டு மழைக்காலத்தில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதாகிவிடும். வசதியுள்ளவர்கள் அடிச்சுவரில் வரிசையாகத் துளையிட்டு நீர் விலக்கித் திரவம் செலுத்தும் முறையைச் செய்யலாம். பழகிய ஆட்களைக் கொண்டு மட்டும் செய்யுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம். கல்சுண்ணாம்பு அடியுங்கள். சுவர் மூச்சுவிடும்; சுண்ணாம்பின் காரத்தில் பூசணமும் எளிதில் பிடிக்காது.

தரையில் ஓதம் இருந்தால், பழைய தளத்தின் மேல் கனமான பாலித்தீன் தாளை மடிப்பு மேல் மடிப்பாக விரித்து, அதன்மேல் புதிய கான்கிரீட் போட்டு உயர்த்தலாம். தாளைச் சுவரோரத்தில் தள உயரத்துக்கு மடித்துவிட வேண்டும்.

பூசணம் படர்ந்த தரை, மரம், அலமாரிகளைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, மின்விசிறி வைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் போதும். பிளீச்சிங் பவுடர் கரைசல் பயன்படுத்தினால் கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு அதைக் கலந்துவிடாதீர்கள்; நச்சு வாயு வரும். பழைய சாக்குகளில் வாடை ஊறியிருக்கும். அவற்றில் திரும்பவும் தானியம் கட்டாதீர்கள்.

தாத்தா வீட்டுக் குதிர் சொன்ன பாடம்

நம் முன்னோர் பத்தாயத்துக்குக் கால் வைத்தார்கள். குதிரைத் தரையில் அப்படியே உட்கார வைக்காமல் கல் மீதோ மேடை மீதோ நிறுத்தினார்கள். வீட்டின் நடுவில், வெளிச்சுவரில் படாத இடத்தில் வைத்தார்கள். வாயைக் களிமண்ணால் பூசி அடைத்தார்கள். தரை ஈரம், சுவர் ஈரம், காற்று ஈரம் மூன்றுக்கும் அதில் பதில் இருக்கிறது. நாம் பத்தாயத்தை விற்றுவிட்டு மூட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டோம்.

மூட்டைகளை மரச்சட்டம் அல்லது மூங்கில் பரண் மீது அரையடி உயரத்தில் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஓரடி தள்ளியே இருக்கட்டும். அடியில் தார்ப்பாய் மட்டும் விரித்து அதன்மேல் அடுக்கினால் போதாது. காற்று ஓட இடம் வேண்டும். மழை இல்லாத நாளில் பகல் 11 முதல் 4 வரை ஜன்னலைத் திறங்கள். மழை நாளிலும் இரவிலும் மூடுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு டிஜிட்டல் மீட்டரை மாட்டி, 65-க்கு மேல் போகிறதா என்று பாருங்கள்.

தானியம் உள்ளே போகும்போது இருக்க வேண்டிய ஈரம்: உணவு நெல் 14 சதவிகிதத்துக்குள், விதை நெல் 13-க்குள், மக்காச்சோளம் 12-க்குள், விதை உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை 9-க்குள். விதையின் ஈரத்தை ஒரு சதவிகிதம் குறைத்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

வாசகர்கள் கேட்ட மற்றவை

*வேப்பிலை, நொச்சி இலை போட்டால் வாடை போகுமா?*
அவை வண்டுகளை விரட்டத்தான். வாடைக்கு மருந்தல்ல. பச்சை இலையாகப் போட்டால் ஈரத்தை நீங்களே கொண்டுபோய் வைத்தது மாதிரி. நிழலில் நன்றாக உலர்த்திய பிறகு போடுங்கள்.

*டைல்ஸ் ஒட்டினால் ஓதம் நிற்குமா?*
தரையில் தெரியாது. அந்த ஈரம் ஓரம் தேடிச் சுவர் வழியாக ஏறும். அடியில் தடுப்பு போடாமல் டைல்ஸ் ஒட்டுவது பெயின்ட் அடித்த என் கதைதான்.

*காற்றுப் புகாத பைகளில் கட்டினால் எந்த அறையிலும் வைக்கலாமா?*
நல்ல பைகள் இருக்கின்றன. வெளி ஈரமும் வண்டும் அண்டாது. ஆனால், நன்றாகக் காய்ந்த தானியத்துக்கு மட்டுமே. ஈரத் தானியத்தை அதில் அடைத்தால் உள்ளேயே புளித்து நாறும். எலி கடித்து ஓட்டை போட்டாலும் பயன் போய்விடும்.

*செல்பாஸ் மாத்திரை வைக்கலாமா?*
கூடவே கூடாது. அது பூச்சிக்கானது, பூசணத்துக்கு அல்ல. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும். மனிதர்கள் படுத்து உறங்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

*மாடி அறைக்கு மாற்றலாமா?*
உணவுத் தானியத்துக்கு நல்ல வழி. 70 கிலோ மூட்டை 20 என்றால் 1,400 கிலோ. நடுத்தளத்தில் குவிக்காமல் சுவர் தாங்கும் ஓரங்களை ஒட்டிப் பரவலாக வையுங்கள். சுவருக்கு ஓரடி விட மறக்காதீர்கள். பழைய கட்டடமாக இருந்தால் பொறியாளரைக் கேளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் விதை வைக்காதீர்கள்; சூட்டில் முளைப்பு குறையும். நிறைய மூட்டைகள் இருந்தால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடனும் பெறலாம்.

*அப்படியானால் உங்கள் வீட்டு அறை சரியாகிவிட்டதா?*
குழாயை மாற்றினேன், பூச்சைக் கொத்திக் காயவிட்டுச் சுண்ணாம்பு அடித்தேன், வெளியே வாட்டம் கொடுத்தேன். வாடை முக்கால்வாசி போய்விட்டது. ஆனால், கார்த்திகை மாதத்தில் சுவரின் அடிப்பகுதியில் இன்னும் ஈரம் தெரிகிறது. தெரு எங்களைவிட உயரமாக இருக்கும்வரை அது முழுதாகப் போகாது. வீட்டை ஜாக்கி வைத்து உயர்த்தித் தருகிறோம் என்றார்கள். அந்தச் செலவுக்கு இப்போது வழியில்லை. அதனால் அந்த அறையில் இனி தானியம் இல்லை. மண்வெட்டி, கடப்பாரை, ஸ்பிரேயர் மட்டும்தான். நெல்லும் உளுந்தும் மாடிக்கு ஏறிவிட்டன.

திருப்பரங்குன்றம் வாசகருக்கு: இன்றைக்கே அந்த அறையைத் திறந்து, ஓரத்து மூட்டைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முதலில் கடலையைப் பாருங்கள், நெல்லை அடுத்துப் பார்க்கலாம். பிறகு ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் ஒட்டுங்கள். இரண்டு நாளில் அடியில் துளியா, மேலே துளியா என்று எழுதுங்கள். அடுத்து எங்கே உடைக்க வேண்டும், எதை உடைக்க வேண்டாம் என்பதை அதை வைத்துச் சொல்லிவிடலாம்.